கதை அங்கே போய்விட்டது, இப்போது கையெழுத்தும் கேட்கிறார்கள்

பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி விரிவான கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 34. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகக் கல்வி முடித்தவர். இப்போது ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். பகலில் கணக்கு, இரவில் எழுத்து என்று பத்தாண்டுகள் ஓடிவிட்டன. உள்ளூர் மேடைக்கு இரண்டு நாடகங்கள் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே சிங்கப்பூரில் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனம் தன் இணையத் தொடருக்கு வசனம் எழுத அவரை அழைத்தது. பத்து எபிசோடுகள், ஒன்றுக்கு 600 வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியைத் தவிர ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. மூன்று எபிசோடுகளுக்குப் பணம் வந்தது. கடைசி எபிசோடை ஒப்படைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியும் மீதி 4,200 வெள்ளி வரவில்லை. தொடர் வெளியானபோது 'எழுத்து' என்ற இடத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவரின் பெயர் மட்டும் இருந்தது. வாசகியின் பெயர் நன்றிப் பட்டியலில், சாப்பாடு கொடுத்த கடையின் பெயருக்குக் கீழே இருந்தது.

இதற்கிடையில் அவர் சொந்தமாக ஒரு முழுத் திரைக்கதை எழுதினார். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள கேம்பல் லேனில் கணவர் விட்டுச்சென்ற மாலைக் கடையை நடத்தும் ஒரு பெண், கணவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்ததை அவர் இறந்த பிறகு அறிந்து, அவர்களைத் தேடிப் போகும் கதை அது. சிங்கப்பூருக்கு ஒரு நிகழ்ச்சிக்காக வந்திருந்த சென்னை இயக்குநர் ஒருவர் கதையைக் கேட்டுப் பாராட்டி, பவுண்ட் ஸ்கிரிப்டை, அதாவது முழுமையாக எழுதி முடித்த திரைக்கதைப் பிரதியை, அனுப்பச் சொன்னார். 112 பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் நம் வாசகி. எட்டு மாதங்கள் பதில் இல்லை. பிறகு அந்த இயக்குநரின் புதுப்பட அறிவிப்பு வந்தது. இறந்துபோன தந்தையின் இரண்டாவது குடும்பத்தைத் தேடிச் செல்லும் ஒருவரைப் பற்றிய படம் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வாசகி விசாரித்ததற்கு அவருடைய அலுவலகம் அனுப்பிய பதில்: ஆறு மாதம் சென்னைக்கு வந்து கதை டிஸ்கஷனில் உட்காருங்கள், 50,000 ரூபாய் தருகிறோம், 'கதை விவாதம்' என்று டைட்டில் கார்டில் பெயர் போடுகிறோம், இணைப்பில் உள்ள தாளில் கையெழுத்திட்டுப் பத்து நாளில் அனுப்புங்கள். அந்தத் தாளில், அவர் 'இதுவரை கொடுத்ததும் இனிமேல் கொடுக்கப்போவதும்' ஆகிய அனைத்தும் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று இருக்கிறது.

அவர் கேட்பவை இவை. வழக்குப் போட முடியுமா? கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமா? கடைசியாக, ஓர் ஆணின் பெயரில் எழுதினால்தான் கரையேற முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிகுந்த வேதனையோடு எழுதப்பட்ட பகுதி, திருடப்பட்டதாக நீங்கள் நினைக்கும் கதையைப் பற்றியது. இணையத் தொடர் விவகாரத்தை நான்கு வரிகளில் முடித்து, 'அது போனது போகட்டும்' என்று எழுதிவிட்டீர்கள். சட்டத்தின் பார்வையில் நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது. போகட்டும் என்று நீங்கள் விட்டுவிட்ட விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நெஞ்சு கொதிக்கும் விஷயத்தில் பொறுமையும் கவனமும் தேவைப்படுகின்றன. அதற்கும் முன்பாக ஒன்றே ஒன்று: அந்தத் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள். பத்து நாள் கெடு அவர்களாக வைத்தது. அது கடந்துபோவதால் நீங்கள் இழக்கும் சட்ட உரிமை எதுவும் இல்லை.

நான் சிங்கப்பூரில் தொழில் செய்யும் வழக்கறிஞர். இந்தியச் சட்டத்தைப் பற்றி இங்கே சொல்பவை பொதுவானவை. அந்தத் தாளையும் உங்கள் திரைக்கதையையும் சென்னையில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் நேரில் படித்துப் பார்க்க வேண்டும்.

கதை யாருடையது?

'சென்னை எழுத்தாளர் சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை, கதையைப் பதிவு செய்யவும் இல்லை, ஆகவே எனக்கு உரிமையே இல்லை அல்லவா' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு முறையே கிடையாது. நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே அது உங்களுக்கு உரியதாகிவிடுகிறது, உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் சிங்கப்பூரும் உறுப்பு நாடுகள் என்பதால், இங்கே உட்கார்ந்து நீங்கள் எழுதியதற்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்து தருகிறது என்றாலும் அது கட்டாயமில்லை. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் செய்யும் பதிவும் உரிமையை உண்டாக்குவதில்லை. இந்தத் தேதியில் இந்தப் பிரதி இருந்தது என்பதற்கு மூன்றாம் தரப்புச் சாட்சியமாகவும், தகராறு வந்தால் முறையிட ஓர் இடமாகவும் அது பயன்படுகிறது. உங்களிடம் வேறு சாட்சியம் இருக்கிறது.

உங்கள் மற்றொரு நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. 'கரு என்னுடையது, அதை அவர் எடுத்துவிட்டார்' என்று எழுதுகிறீர்கள். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை. இறந்தவரின் மறைந்த குடும்பம் வெளிச்சத்துக்கு வருவது நம் நாவல்களிலும் தொடர்களிலும் பலமுறை வந்த முடிச்சு. அதை யாரும் எடுத்தாளலாம். பூ எல்லோருக்கும் பொது, நீங்கள் தொடுத்த மாலைதான் உங்களுடையது. காட்சிகளின் வரிசை, பாத்திரங்களுக்கிடையே நீங்கள் உண்டாக்கிய உறவுகள், திருப்பங்கள் நிகழும் விதம், உரையாடல் ஆகியவை சேர்ந்து உருவாகும் வடிவத்தைத்தான் சட்டம் காக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்த ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கு உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருகிறது. நாடகாசிரியர் ஒருவர் தம் நாடகத்தைத் தயாரிப்பாளரிடம் முழுவதுமாகச் சொல்லிக் காட்டினார். பிறகு அதே பொருளில் ஒரு படம் வந்தது. நாடகாசிரியர் தோற்றுப்போனார். கருவும் பொருளும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அவை கையாளப்பட்ட விதம் வேறு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்ற ஐயத்துக்கிடமற்ற எண்ணம் தோன்றுகிறதா என்பதே அளவுகோல். இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது ஒரு சுவரொட்டியும் பேட்டியில் வந்த இரண்டு வரிகளும் மட்டுமே. அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க இது போதாது. உங்கள் கதாநாயகி மாலைக் கடைக்காரப் பெண். அவர்களுடைய நாயகன் மகன். படத்தில் வேறு என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் கதை இதோடு முடிந்துவிடவில்லை. நீங்கள் இணைத்தனுப்பிய வாட்ஸ்அப் பதிவைப் படிக்கும்போது, நீங்களே கவனிக்காத ஒரு வரி என் கண்ணில் பட்டது. கோப்பை அனுப்புவதற்கு முன், 'சார், நீங்கள் மட்டும் படிங்க, தயவுசெய்து வேற யாருக்கும் கொடுக்காதீங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் 'கண்டிப்பா, என்னோட இருக்கும்' என்று பதில் போட்டிருக்கிறார். மரியாதைக்காக எழுதிய வரி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உங்களிடம் உள்ளவற்றில் மிக வலுவான ஆவணம் அதுதான். நம்பி ஒப்படைக்கப்பட்ட இரகசியத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது பதிப்புரிமையிலிருந்து வேறான, தனி உரிமை. பதிப்புரிமை கைவிடும் சில இடங்களில் அது கைகொடுக்கும். தொலைக்காட்சித் தொடருக்கான கருத்துக் குறிப்பு ஒன்றை நம்பிக்கையோடு ஒப்படைத்தவர்களுக்குச் சாதகமாகப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் ஜீ டெலிஃபிலிம்ஸ், சன்டியல் வழக்கில் தடை உத்தரவு வழங்கியது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020இல் ஐ-அட்மின் வழக்கில், இரகசியத் தகவல் நம்பி ஒப்படைக்கப்பட்டதை ஒருவர் காட்டிவிட்டால், தன் மனச்சாட்சி பாதிக்கப்படவில்லை, அதாவது அந்த நம்பிக்கையை மீறி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறிவிடும் என்று கூறியது. எல்லோரும் அறிந்த முடிச்சு இரகசியம் ஆகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதற்கு நீங்கள் கொடுத்த தனித்த வளர்ச்சிதான் இரகசியம்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது வழக்கு அல்ல, கடிதம். இந்தத் தேதியில் இந்தத் திரைக்கதையை இரகசியமாக வைத்திருக்கும் நிபந்தனையில் உங்களிடம் ஒப்படைத்தேன், அதன் உரிமை என்னிடமே இருக்கிறது, உங்கள் படம் வேறு கதை என்றால் அதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்று, குற்றம் சாட்டாத நடையில், சென்னை வழக்கறிஞர் மூலமாகப் போக வேண்டிய கடிதம் அது. தாமதிக்காதீர்கள். படம் வெளியாகும் வாரத்தில் ஓடிவந்து தடை கேட்பவர்களிடம், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் நீதிமன்றங்கள் முதலில் கேட்கின்றன. அதோடு வாட்ஸ்அப் உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள், பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள், திரைக்கதையின் முந்தைய வரைவுகளைத் தேதி மாறாமல் வைத்திருங்கள். திரைக்கதையை இணைத்துச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு சட்டபூர்வ உறுதிமொழி எடுத்து வைப்பதும் நல்லது.

ஃபேஸ்புக்கில் 'என் கதையைத் திருடிவிட்டார்' என்று பெயரைப் போட்டு எழுதலாமா என்று தோழி ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். படத்தைப் பார்க்காமலே திருட்டு என்று சொல்வது அவதூறு வழக்குக்கு வாசலைத் திறந்துவிடும். அப்புறம் நீங்கள் வாதியாக நிற்க வேண்டிய இடத்தில் பிரதிவாதியாக நிற்பீர்கள்.

வராத பணமும் வராத பெயரும்

இப்போது நீங்கள் நான்கு வரிகளில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறான எண்ணம். சேவைக்கான ஒப்பந்தம் வாய்மொழியாகவும் ஏற்படலாம். ஒன்றுக்கு 600 வெள்ளி என்ற வாட்ஸ்அப் வரி, நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய பத்து வசனப் பிரதிகள், அவர்கள் ஏற்கெனவே கொடுத்த மூன்று கட்டணங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஒப்பந்தத்துக்குப் போதுமான சான்று. சுயதொழில் செய்பவர்களோடு வேலை ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் வேலையின் விவரம், கட்டணம், பணம் தரும் தேதி ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும் என்பதற்காகவே 2018இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த முத்தரப்புத் தரநிலை ஒன்று கொண்டுவரப்பட்டது. அதை ஏற்பதும் ஏற்காததும் நிறுவனத்தின் விருப்பம் என்றாலும், அடுத்த முறை யாரிடமாவது எழுத்தில் கேட்கக் கூச்சப்பட்டால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, இந்த நாட்டில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் நடைமுறை.

4,200 வெள்ளிக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சிறு தொகைக் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயமான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது; இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர்கள் வாதாட அங்கே அனுமதி இல்லை, ஆகவே எதிர்த்தரப்பு பெரிய வழக்கறிஞரை நிறுத்திவிடும் என்ற பயமும் வேண்டாம். மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள்: கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். கடைசி எபிசோடுக்குப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. நான்காவது எபிசோடின் பணம் அதற்கும் முன்பே தரப்பட்டிருக்க வேண்டியது. எனவே காலண்டரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் பணம் கேளுங்கள். முத்தரப்புச் சச்சரவு நிர்வாக அமைப்பின் சமரசச் சேவை சுயதொழில் செய்பவர்களுக்கும் உண்டு. இரு தரப்பும் சம்மதித்தால் அதுவே சுமுகமான வழி. 'கேட்டால் இனி கூப்பிட மாட்டார்கள்' என்கிறீர்கள். பதினான்கு மாதங்களாகக் கேட்காமல் இருந்தீர்கள்; அதற்காக அவர்கள் கூப்பிட்டார்களா?

பெயர் விஷயத்தில் பலர் இன்னும் அறியாத மாற்றம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, எழுதாதவரை எழுதியவராகக் காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டுமே இருந்தது. இப்போது, தம் படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது தம்மைப் படைப்பாளர் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையும் படைப்பாளருக்கு உண்டு. அந்த உரிமையை நீங்கள் எழுத்தில் விட்டுக்கொடுத்திருந்தாலோ, நிறுவனத்தின் ஊழியராக இருந்து எழுதியிருந்தாலோ நிலைமை வேறு. நீங்கள் சுயதொழில் முறையில் எழுதினீர்கள், எதிலும் கையெழுத்திடவில்லை. அது மட்டுமல்ல: பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும் என்பதால், நீங்கள் எழுதிய வசனங்களின் பதிப்புரிமை இன்றும் உங்களிடமே இருக்கிறது. தொடரைத் தயாரித்து ஒளிபரப்ப நிறுவனத்துக்கு மறைமுகமான அனுமதி இருப்பதாகவே நீதிமன்றம் கொள்ளும், ஆகவே ஒளிபரப்பை நிறுத்திவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஆனால் இரண்டாவது பருவம் எடுக்கவோ வேறு தளத்துக்கு விற்கவோ அவர்கள் போகும்போது, எழுத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பார். அப்போது அவர்களுக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படும். பணத்தையும், இணையத்தில் இருக்கும் எபிசோடுகளில் பெயர் திருத்தத்தையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். டிரிபியூனல் பணத்தை மட்டுமே தீர்க்கும், பெயரைப் பேச்சுவார்த்தையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மூத்த எழுத்தாளரும் அந்த வசனங்களில் கை வைத்திருந்தால் அவருக்கும் கூட்டுப் படைப்பாளர் என்ற இடம் இருக்கலாம். 'எழுத்து' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் என்று கேட்பது நியாயமாகவும் இருக்கும், கிடைக்கவும் வாய்ப்புண்டு.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

கையெழுத்துக் கேட்டதே திருட்டுக்கு ஒப்புதல் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டிஸ்கஷனுக்கு வரும் எல்லோரிடமும் இப்படியொரு தாளில் கையெழுத்து வாங்கும் அலுவலகமாகவும் இருக்கலாம். ஆனால் 'இதுவரை கொடுத்ததும்' என்ற சொற்கள் வழக்கமானவை அல்ல. நீங்கள் இதுவரை கொடுத்தது ஒன்றே ஒன்று, அந்த 112 பக்கங்கள். கையெழுத்திட்டால், இன்று இருக்கும் இரகசியக் காப்பு உரிமை, பதிப்புரிமை இரண்டையும் 50,000 ரூபாய்க்கு, அதாவது இரண்டு எபிசோடுகளுக்கு நீங்கள் இங்கே வாங்கும் தொகையைவிடக் குறைவாக, எழுதிக் கொடுத்தவர் ஆகிறீர்கள். பிற்காலத்தில் அதே திரைக்கதையை வைத்து இங்கே ஒரு தயாரிப்பாளரோடு தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் நிதியாதரவுக்கு விண்ணப்பிக்க நினைத்தாலும், கதை உங்களுடையது என்று காட்ட முடியாமல் போகும். 'கதை விவாதம்' என்ற டைட்டில் கார்டு, திரைக்கதையாசிரியர் என்ற உரிமைக் கோரிக்கைக்கு எதிரான சாட்சியமாகவே பிறகு காட்டப்படும்.

கூட்டாகப் பணியாற்றவே உங்களுக்கு விருப்பம் என்றால், தாளைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு இந்தியச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமானவை சில உண்டு.

முதலாவதாக, 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றத்துக்குக் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் மட்டுமே. எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டுமே. அதனால்தான் இத்தகைய தாள்களில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்' என்று எழுதுகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு ஒரு கால வரம்பும், குறிப்பிட்ட காலத்துக்குள் படம் தொடங்காவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற நிபந்தனையும் கேளுங்கள்.

அடுத்தது ராயல்டி. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுத்தாளருக்குரிய சம பங்கை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ விட்டுத்தரவோ முடியாது. அந்தத் தாளின் ஏழாவது பத்தி இதற்கு நேர் எதிரானது. அந்த அளவுக்கு அது செல்லாது. பணம் கைக்கு வந்து சேருமா என்பது தனிக் கதை, அதைப் பற்றி நான் உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை.

பெயரைப் பொறுத்தவரை, பதிப்புரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும் தாம்தான் எழுதியவர் என்று கோரும் உரிமையை அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது. இருந்தாலும் வழக்கை நம்பாமல், டைட்டில் கார்டில் உங்கள் பெயர் எந்தச் சொல்லோடு, யார் பெயருக்கு அருகில், விளம்பரத்திலும் வருமா என்பதையெல்லாம் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இதையெல்லாம் கேட்டதும் அவர்கள் பின்வாங்கினால், அவர்களுக்கு வேண்டியிருந்தது உங்கள் வருகையா கையெழுத்தா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சென்னைக்குப் போவது

வேலையை இப்போது விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு 50,000 ரூபாய் என்றால் சென்னையில் வாடகைக்கே போதாது. இங்கே உங்கள் மத்திய சேமநிதிச் சந்தாவும் நின்றுபோகும். எழுத்தை நம்பி வேலையை விட்டவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கையில் நியாயமான ஒப்பந்தம் இருக்கும்போது விடுவது வேறு, ஒரு வாட்ஸ்அப் அழைப்பை நம்பி விடுவது வேறு. பணம் இல்லாதவர் மோசமான ஒப்பந்தத்தில் எளிதாகக் கையெழுத்திடுவார். மாதச் சம்பளம்தான் இன்று உங்களுக்கு 'முடியாது' என்று சொல்லும் தெம்பைக் கொடுக்கிறது. போக நினைத்தால் விடுப்பெடுத்து இரண்டு வாரம் போய்ப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். உற்சாகத்தில் இதை மறந்துவிட்டுக் குடிநுழைவு அதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

டிஸ்கஷன் ஹோட்டல் அறையில்தான் நடக்கும், இரவு நேரமாகும் என்று அவர் எழுதியதைப் படித்து அம்மா பயப்படுவதாகச் சொல்கிறீர்கள். 'அவர் தவறாக எதுவும் பேசவில்லை' என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி எதையும் ஊகிக்க நான் தயாரில்லை. தமிழ்த் திரையுலகில் ஹோட்டல் அறை டிஸ்கஷன் பழைய வழக்கம், ஆண்கள் மட்டுமே இருந்த காலத்தில் உருவான வழக்கம். பணியிடம் என்பதற்குச் சட்டம் தரும் பொருள் அலுவலகச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. வேலை நிமித்தம் செல்லும் இடங்களும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மலையாளத் திரையுலகில் பெண்களின் பணிநிலை குறித்து 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அத்தகைய குழு தாளில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் படித்தோம். ஆகவே உள் குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்; அலுவலகத்தில், பகலில், வேறு எழுத்தாளர்களும் இருக்கும்போது அமர்வதாகச் சொல்லுங்கள். இங்கே இருக்கும்போது நள்ளிரவுச் செய்திகள் எல்லை மீறினால் சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டுத் தொந்தரவுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கோரலாம்; அதற்காகவாவது எதையும் அழிக்காதீர்கள்.

ஆண் பெயர்

பெண் என்பதால்தான் உங்கள் பெயர் நன்றிப் பட்டியலுக்குப் போனது என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை என்று நினைக்கிறேன். உதவி எழுத்தாளர்களாக இருக்கும் இளைஞர்களும் இதே குறையோடு என்னிடம் வருகிறார்கள். ஆனால் அவர்களில் யாரையும் 'மாமியார் மருமகள் காட்சிகளை மட்டும் நீங்கள் எழுதுங்கள், அடிதடியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாரும் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை, உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரை எழுத அழைப்பது என்ற முடிவுக்கு எதிராக, சுயதொழில் செய்யும் ஒருவருக்குச் சட்டம் தரக்கூடியது மிகக் குறைவு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் ஆண் பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடிகையும் இயக்குநருமான டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே தாம் எழுதிய கதையைத் தம் பெயரிலேயே படமாக்கினார். 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சிறந்த திரைக்கதை விருதைப் பெற்ற ஷாலினி உஷா நாயரும் சுதா கொங்கராவும் பெண்கள். இதனால் உங்கள் பாதை எளிதாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது: உங்கள் மேடை நாடகங்கள் இரண்டும் உங்கள் சொந்தப் பெயரில் நடந்தவை, அறிவிப்புத் தாள்கள் தேசிய நூலகத்திலும் இருக்கக்கூடும். பத்தாண்டு எழுத்து வரலாற்றை ஒரு புனைபெயருக்காகத் துண்டித்துக்கொண்டால், நாளைக்கு 'இவர் இதற்கு முன் என்ன எழுதியிருக்கிறார்' என்ற கேள்விக்குப் பதில் இராது. புனைபெயர் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை; ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உங்கள் உண்மைப் பெயரையும் சேர்த்து, இன்னார் இன்ன பெயரில் எழுதுகிறார் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கப்பல் நிறுவனத்தின் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை பற்றிய பத்தியைப் படியுங்கள். கணக்குப் பிரிவு ஊழியர் இரவில் எழுதும் திரைக்கதை முதலாளிக்குச் சொந்தமாகாது. ஆனால் முன்அனுமதி பெற வேண்டும் என்று அதில் இருந்தால், டிரிபியூனலில் மனுப் போடுவதற்கு முன்பே அந்த அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மடிக்கணினியில் இருக்கும் வரைவுகளை இந்த வாரமே உங்கள் சொந்தக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். வழக்கறிஞர் கட்டணம் கையைக் கடிக்கும் என்றால், இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் சமூகச் சட்ட ஆலோசனை மையங்களில் முன்பதிவு செய்து, வாட்ஸ்அப் பதிவின் அச்சுப் பிரதியையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.